சிரிக்கக் கூடாத மேசை

பாதி பக்கம் படித்ததும் அக்கா எழுந்து படிக்கட்டுக்குப் போய்விடுவார். அங்கே நின்று, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் தடுத்துவிடுவார்.

எங்கள் அலுவலகத்தின் வேலையே அதுதான். இணையத்தில் எதை ஜனங்கள் படிக்கக் கூடாது என்று முடிவு செய்ய, யாராவது ஒருத்தர் முதலில் படித்துத் தொலைக்க வேண்டுமே! பத்தொன்பது வருஷமாக அக்கா படிக்கிறார். கூடப் பிறந்தவர் இல்லை, அலுவலகத்தில் எல்லோருக்குமே அவர் அக்காதான். அடுத்த மேசையில் இருக்கும் நான் சரிபார்த்து இரண்டாவது கையெழுத்துப் போடுகிறேன். மேசையில் சிரிக்கக் கூடாது. சிரித்தால் எழுதியவனை ஆமோதித்ததாகக் கருதப்படும் என்று மேலதிகாரி சுற்றறிக்கையே விட்டிருக்கிறார். அதைப் படித்துவிட்டும் அக்கா படிக்கட்டுக்குத்தான் போனார்.

ஊரார் எழுதுவதையெல்லாம் படிக்கிறவர், தன்னைப் பற்றி ஈ காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது என்பார். போன் கேமரா மேல் பிளாஸ்திரி. கணினியில் கடவுச்சொல் அடிக்கும்போது என்னை ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்வார். நானும் திரும்பிக்கொள்வேன். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் அடிப்பார். பாவம், அதை இதுவரை நான் அவரிடம் சொல்லவில்லை.

தன் தம்பியோடு அவர் போனில் பேசும்போது கேட்க வேண்டும்.

"வரும்போது அது வாங்கிட்டு வாடா."

"எது?"

"அதான்டா, வெள்ளையா, தூளா இருக்குமே!"

"சர்க்கரையா?"

"அதுக்கு நேர் எதிரிடா, மக்கு!"

யாராவது ஒட்டுக்கேட்டால் உப்பு என்றா நினைப்பார்கள்? "உப்புன்னு சொன்னா என்னக்கா குறைஞ்சுடும்?" என்று கேட்டேன். "நம்ம வீட்டுல உப்பு இல்லைன்னு போனுக்கு எதுக்குடி தெரியணும்?" என்றார்.

அம்மா போன பிறகு அக்கா தூக்கி வளர்த்த தம்பி அவன். அரசு மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறவன். லிஃப்ட் நின்று இரண்டு வருஷமாகிறது. அவன் மட்டும் தினமும் எட்டு மணிக்குப் போய் அதற்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

போன வாரம் 'அவசரம்' என்று முத்திரை குத்தி ஒரு கோப்பு வந்தது. பக்கத்தின் பெயர் 'ஓடாத லிஃப்ட்'. எழுதியவர் பெயர் இல்லை. நோயாளிகளை நாற்காலியோடு நாலு மாடி தூக்குகிற கதை. லிஃப்டுக்கு மாலை போட்டுத் திறந்துவைத்துவிட்டு, அமைச்சரைப் படியேற்றி அழைத்துப்போன கதை. அக்கா படிக்கட்டுக்குப் போனார், வந்தார், மறுபடியும் போனார். மூன்றாம் தடவை எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது. எட்டிப் பார்த்தேன்.

"எங்க வீட்டுலயும் ஒரு அக்கா இருக்கா. போன்ல உப்புன்னு வாயால சொல்ல மாட்டா. நம்ம அரசாங்கமும் அப்படித்தான். லிஃப்ட் ரிப்பேர்னு செத்தாலும் சொல்லாது."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது, மேசையிலேயே! அப்படியே இருமலாக மாற்றிக்கொண்டேன். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் இருமலும் நின்றுவிட்டது.

பக்கத்தைத் தடுப்பதில் அவருக்குத் தயக்கமில்லை. அது பிழைப்பு. படிவத்தின் கடைசி வரிதான் வினை: 'எழுதியவரை அடையாளம் தெரிகிறதா? ஆம் / இல்லை.' ஆம் என்றால் இன்றைக்கே ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இல்லை என்று பொய் சொன்னது தெரிந்தால், கையெழுத்துப் போட்ட இரண்டு பேருக்கும் அதே கதிதான்.

இத்தனை வருஷத்தில் அக்கா படிவத்தில் ஒரு பொய் எழுதியதில்லை. 'இல்லை'யில் டிக் அடித்தார். கையெழுத்துப் போட்டார். படிவத்தை என் பக்கம் தள்ளினார்.

"உனக்கு ரெண்டு குழந்தைங்க இருக்கு. யோசிச்சுப் போடு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

பயமாகத்தான் இருந்தது. பயமில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். இங்க் பேனாவைத் திறந்தேன்.

"யாரோ ஒரு அக்கா. ஊருல எத்தனையோ அக்கா" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டேன்.

அக்கா படிவத்தை இரண்டு கையாலும் எடுத்து முகத்தருகே கொண்டுபோய், மை காயும்வரை என் கையெழுத்தின் மேல் ஊதிக்கொண்டே இருந்தார்.