மூளிக் காது

பெரிய வெள்ளியன்று சிலுவையை உதடு பதித்து முத்தி செய்யக் குனிந்தேன். ஆணி அடித்த இடங்களில் பதித்திருந்த கெம்புக்கற்கள் இரண்டும் பளிச்சென்றன. அவை என் ஆத்தாளின் தோட்டுக் கற்கள்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஆத்தா அவற்றைக் கோயில் மரச்சிலுவைக்குக் கொடுத்தாள். தோட்டுத் துளைகளில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு தேவாரம் ஊரில் நடந்த கல்யாணத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். பந்தலிலேயே அப்பாவின் அக்கா, பெரியத்தை, சீறினாள்.

"என் தம்பி உசுரோட இருக்கையில இப்படி மூளிக் காதோட வந்து நிக்கிறியேடி!"

ஆத்தா முக்காட்டை விலக்கி இரண்டு காதையும் நன்றாகக் காட்டினாள்.

"ஆண்டவரு மூளியா நின்னாக மதினி. பாத்துக்கிட்டு இருக்க முடியல."

அடுத்த பெரிய வெள்ளிக்குப் பெரியத்தையும் முழங்காலிட்டு அந்தக் கல்லைத்தான் முத்தி செய்தாள்.

இன்று நானும் முத்தமிட்டேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், எனக்கு அது ஆத்தாளின் காதுதான்.