பால் வெட்டுகிறவரும் இரவல் சிறுநீரகமும்

எஹலியகொடையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மழைக்காலச் சுவரில் பாசி ஏறுவதுபோல அவர் கழுத்திலிருந்து முழங்கைவரை படர்தாமரை. பஸ்ஸின் ஒரு குலுக்கலையும் வீணாக்காமல் சீட்டில் முதுகைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"கிட்னி மாத்தினதுங்க. புதுக் கிட்னிய ஒடம்பு வெரட்டாம இருக்க, தெனம் முழுங்கக் குளுச தந்தாங்க. இப்ப ஒடம்பு எவனையுமே வெரட்டுறதில்ல. இந்தப் படர்தாமரையும் குடியேறிடுச்சு."

"மருந்து?"

"றப்பர் பால் ஒறைய வைக்கிற அசிட்டுதான். எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் தடவுறது. தோலோட உரிச்சிரும்."

பையிலிருந்து போத்தலை எடுத்தார். முன் சீட்டிலிருந்த அவர் மனைவி திரும்பி அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"வெந்து புண்ணாகி, சீக்கு உள்ள எறங்கினா?"

"என் ஒடம்பு. எதையும் தடவுவேன்."

"தாராளமா தடவுங்க. நான் குடுத்த கிட்னிய மட்டும் திருப்பித் தந்துட்டுத் தடவுங்க. இந்தப் போத்தல இன்னைக்கு டொக்டர்கிட்டயே காட்டுறேன்."

"அவருகிட்ட மட்டும் வேணாம் புள்ள."

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றதும் படியில் கூட்டம் நெருக்கியடித்தது. மனைவி, புதுச் சிறுநீரகம் வைத்திருந்த அவருடைய அடிவயிற்றில் கையை அணைத்து, முழங்கையால் வழி பிளந்து இறக்கினார். காப்பாற்றியது கணவரையா, சிறுநீரகத்தையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பால் வெட்டுகிறவரோ, இதில் விளங்க என்ன இருக்கிறது என்பதுபோல் சிரித்துக்கொண்டே போனார்.