அம்மா வாங்கிய டிஜிட்டல் டைரி

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் செல்போன் 'பீப் பீப்' என்றது. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. தொண்ணூறுகளில் எங்கள் மயிலாப்பூர் வீட்டில் கேட்ட அதே சத்தம்.

அம்மா வங்கியில் வேலை பார்த்தாள். கேஸ், பால், என் பள்ளிக்கூடம் எல்லாம் அவள் பொறுப்புதான். எதுவும் மறக்கக் கூடாதென்று, குறித்துவைத்த வேலையை நேரத்துக்குப் பீப் அடித்து நினைவூட்டும் டிஜிட்டல் டைரி ஒன்றைத் தன் போனஸில் வாங்க எங்களைப் பாண்டி பஜாருக்கு அழைத்துப்போனாள். கடைக்காரர் ஒவ்வொன்றையும் அப்பாவிடமே நீட்டினார். அம்மா எட்டி வாங்கி, பொத்தான்களை அழுத்திப் பார்த்து, எழுத்து பெரிதாகத் தெரிந்ததைத் தேர்ந்தெடுத்தாள்.

"அடுப்படியில உனக்கெதுக்கு இது?" என்று அப்பா அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அது அடிக்கும்போதெல்லாம் சாய்வு நாற்காலியிலிருந்தே கத்துவார். "கேஸுக்குச் சொல்லியாச்சா?" அம்மா ஈரக்கையோடு போனுக்கு ஓடுவாள்.

ஒருநாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரே நின்றாள். "அது உங்ககிட்டதானே சொல்றது? நீங்களே பண்ணுங்கோ."

அப்பா சிரித்தார். அம்மா அவர் சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அதன்பின் பல நாள் அவர் அவளோடு பேசவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "என் டைரிய எடுத்துண்டுட்டா."

என் டைரியாம். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.