பட்டாளத்தார் தேறிய பரிசோதனை

உடம்பு கெட்டுப்போனதைக் காட்டப் போன ஒரு மனிதர், உடம்பு நன்றாக இருப்பதாகக் காட்டிவிட்டுப் பெருமையோடு வெளியே வந்தால், அவரை என்னவென்று சொல்வீர்கள்? முட்டாள் என்றா? சற்றுப் பொறுங்கள்.

எங்கள் தெருவில் அவருக்குப் பட்டாளத்தார் என்றே பெயர். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து முதுகெலும்பின் அடிப்பகுதி நசுங்கியது. நடை திரும்பியது, சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்பு திரும்பவில்லை. அன்றிலிருந்து அடிவயிற்றை அமுக்கி அமுக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போக வேண்டும்.

"என்னங்க, உள்ளேயே குடித்தனம் வச்சிட்டீங்களா?" என்று மனைவி கழிவறைக் கதவைத் தட்டுவார்.

"வாடகை கேக்காம போடி!" என்று உள்ளிருந்து பதில் வரும்.

தலையெழுத்து என்றார்கள் உறவினர்கள். தலையெழுத்தா? தேய்ந்த பிரேக்கோடு அந்த லாரியை மலைக்கு அனுப்பியது எந்தக் கடவுள்? ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்டு அவர் விண்ணப்பித்தார். முதுகுவலியை ஏற்றுக்கொண்ட அலுவலகம் சிறுநீர்க் கோளாறுக்கு மட்டும் சான்று கேட்டது. சிறுநீர் போகும் வேகத்தை அளக்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னது.

சின்ன அறை. நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி, அதன் கீழே புனல், அதற்கும் கீழே எடைக்கருவியின் மேல் ஒரு ஜாடி. பக்கத்தில் அந்த வேகத்தைத் தாளில் கோடாக வரையும் பெட்டி.

"வீட்டுல போற மாதிரியே போங்க ஐயா. நான் வெளியே நிக்கிறேன்," என்று நர்ஸ் கதவைச் சாத்தினார்.

பட்டாளத்தார் கருவியைப் பார்த்தார். ராணுவத்தில் மருத்துவப் பரிசோதனைக்கு ஒரே பொருள்தான்: தேற வேண்டும். தேறாதவனை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள். காய்ச்சலையும் நொண்டலையும் மறைத்து விறைப்பாக நின்று பழகிய உடம்பு அது. மூச்சை அடக்கினார். இரண்டு கைகளாலும், கண்ணில் நீர் முட்டும்வரை, வயிற்றை அமுக்கினார். வீட்டில் ஒரு நாளும் போகாத வேகத்தில் போனது.

"கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல சார்!"

"அமுக்கினீங்களா?"

"இல்லவே இல்ல சார்!"

டாக்டர் உச்ச வேகத்தைப் பார்த்து 'இயல்பு' என்று எழுதினார். அமுக்கி அமுக்கிப் போனதற்கு அடையாளமாகத் தாளில் கோடு ரம்பப் பல்லாக ஏறி இறங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. போன பிறகும் உள்ளே எவ்வளவு சிறுநீர் தங்கியிருக்கிறது என்று ஸ்கேன் வைத்தும் பார்க்கவில்லை.

நடைக்கூடத்தில் மனைவி எழுந்து நின்றார்.

"பாஸாயிட்டேன்," என்றார் பட்டாளத்தார்.

"எதுலங்க?"

"நல்லா போகுதாம்."

"அடப் பாவி மனுஷா! நல்லா போகலைன்னு சொல்லத்தானே வந்தோம்?"

அவர் முகம் வெளுத்தது. "அப்ப ஃபெயிலாகணுமா? டெஸ்டுன்னுதானே சொன்னாங்க?"

ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. மறுபரிசோதனை கேட்டு நாங்கள் எழுதிய மனு ஏற்கப்பட்டு, அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்குக் குழப்பம்தான் கூடியிருக்கிறது. நேற்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அமுக்காம உக்காந்தா ஒண்ணும் வராது, நடிக்கிறான்னு சொல்வாங்க. அமுக்கினா நல்லா இருக்கான்னு சொல்வாங்க. நான் எப்படித்தான் இருக்கணும் தம்பி?"

"வீட்டுல இருக்கிற மாதிரி இருங்கண்ணே. அமுக்கினா அமுக்கினேன்னு சொல்லுங்க."

"அதைச் சொன்னா வெக்கமா இருக்காதா?"

வலியை மறைப்பதற்கு ஒருவரைப் பல வருடம் பழக்கிவிட்டு, அந்த வலிக்கே சான்று கேட்கும் ஏற்பாட்டுக்கு அல்லவா வெட்கம் வர வேண்டும்?

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் பரிசோதனைக்குக் கிளம்பினால், தயவுசெய்து கூடவே போங்கள். வீட்டில் அவர் படும் பாட்டை டாக்டரிடம் நீங்களும் சொல்லுங்கள். போன பிறகு உள்ளே தங்குவதை ஸ்கேனில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பார்க்கும்வரை டாக்டர் எதிரே இருக்கும் நாற்காலியை விட்டு எழாதீர்கள்.