அராபாவின் பெயரில்

கோல் போட்டால் எக்குவா கை தூக்கமாட்டாள். பந்து வலைக்குள் போய்விட்டதா என்று பார்ப்பாள். பிறகு இடது பக்கம் திரும்பிப் பார்ப்பாள். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அதற்குள் மற்ற பெண்கள் ஓடிவந்து அவள் மேல் விழுவார்கள். அரங்கம் "அராபா! அராபா!" என்று அதிரும்.

அராபா அவளுடைய தங்கை. ஒன்பது வயதில் காய்ச்சலில் போனவள்.

மோரீ என்ற ஆப்பிரிக்க மீனவ ஊரின் கடற்கரையில் செவ்வாய்க்கிழமை படகு இறங்காது. கடலுக்கு அன்று ஓய்வு. வலையும் ஆளும் இல்லாத மணல் முழுவதும் அன்றைக்குப் பெண்பிள்ளைகளுக்கு. எக்குவா பந்தோடு ஓடுவாள். தங்கை இடது பக்கம் அரை அடி பின்னால் வருவாள். "அக்கா, எனக்கு! அக்கா, எனக்கு!" என்று கத்திக்கொண்டே வருவாள். எக்குவா கொடுக்கமாட்டாள். பத்துக்கு ஒருமுறை கொடுத்தால் அதிகம்.

அங்கே பிறந்த கிழமையே பெயராகும். தங்கை செவ்வாயில் பிறந்ததால் அராபா. இவள் புதனில் பிறந்ததால் எக்குவா. ஒருவர் கிழமையை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியும் என்று அந்த ஊரில் யாரும் நினைத்ததில்லை, ஃபீஃபி மாமாவைத் தவிர.

மாமா அம்மாவின் தம்பி. தபால் ஆபீசில் வேலை. பதினேழு வயதுக்கு உட்பட்ட தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்த அன்று சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"உனக்கு எத்தனை வயசு?"

"பதினெட்டு, மாமா."

"அது ஊருக்கு. பந்துக்கு எத்தனை வயசு?"

எக்குவா சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்து, துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு பிறப்புச் சான்றிதழை எடுத்தார்.

"சின்னவ செத்ததை யாருமே போய் எழுதிவைக்கல. சர்க்கார் புத்தகத்துல அவ உசுரோடதான் இருக்கா. இப்ப அவளுக்குப் பதினஞ்சு."

அம்மா முற்றத்தில் மீனைப் புகை போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. புகையில் எப்போதும் வழிவதுதான்.

"என் வாயால அந்தப் பேரைச் சொல்லி இவளைக் கூப்பிடமாட்டேன். மத்தபடி உங்க இஷ்டம்," என்றாள்.

தேர்வு மைதானத்தில் பயிற்சியாளர் "அராபா!" என்று கூப்பிட்டபோது எக்குவாவும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தாள், யார் வருகிறார்கள் என்று.

அதன் பிறகு பதினான்கு வருடம். சின்னவர்கள் அணி, இருபது வயது அணி, பிறகு நாட்டின் பெரிய அணி. நடுவில் சுவீடனில் பனி கொட்டும் ஒரு சிறிய ஊர், மொராக்கோவில் இரண்டு வருடம். அறுபத்தொரு சர்வதேசப் போட்டிகள், முப்பத்துநாலு கோல்கள். எல்லாம் அராபாவின் கணக்கில். அராபாவின் பிறந்தநாளுக்கு அணிப் பெண்கள் கேக் வெட்டி வாயில் திணிப்பார்கள். சொந்தப் பிறந்தநாள் யாரும் அறியாமல் கடந்து போகும்.

பத்திரிகைக்காரர்கள் அவளுடைய கோல்களைவிட அவள் கொடுக்கும் பந்துகளைப் பற்றி அதிகம் எழுதினார்கள். தலை நிமிராமல் இடது பக்கத்து வெற்றிடத்துக்குத் தள்ளிவிடுவாள். முதல் வருடம் அந்தப் பந்துகள் எல்லாம் கோட்டைத் தாண்டி வெளியே ஓடின. பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மற்ற பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அவள் காலில் பந்து வந்தால் ஒருத்தி இடது பக்கம் ஓடிப் போய் நிற்கவேண்டும்.

"யாரைப் பாத்துடி குடுக்கிற? நான் கிளம்பவே இல்ல, பந்து அங்க போயிடுச்சு," என்று கேட்டாள் சுவீடன்காரி ஒருத்தி.

"கூப்பிட்டது கேட்டுச்சு," என்றாள் எக்குவா.

"நான் வாயே திறக்கல."

கடைசி வருடங்களில் அம்மாவுக்கு நினைவு தடுமாறியது. ஞாயிற்றுக்கிழமை எக்குவா போன் செய்வாள். சாப்பிட்டாயா, குளிருகிறதா என்று கேட்டபின் ஒருநாள் அம்மா சர்வசாதாரணமாகச் சொன்னாள்.

"சரி, போனை உன் தங்கச்சிகிட்ட குடு."

எக்குவா எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

"என்ன, பக்கத்துல இல்லையா? ரேடியோவுல அவ பேரைத்தானே சொல்றான். கோல் போட்டாளாம்."

"இருக்கா, அம்மா. இதோ குடுக்கிறேன்." போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினாள். குரலைக் கொஞ்சம் மெல்லியதாக்கிக்கொண்டு, "அம்மா," என்றாள்.

"என் கண்ணு," என்றாள் அம்மா. அந்தக் குரலை எக்குவா கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. "அக்கா உனக்குப் பந்து குடுக்கிறாளா?"

"குடுக்கிறா, அம்மா."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அம்மா இரண்டு மகள்களோடும் பேசினாள். சின்னவளோடு கொஞ்சம் அதிக நேரம்.

அம்மா இறந்தது ஆகஸ்டில். அந்த ஊர் வழக்கப்படி உடல் பிணவறையில் ஐந்து வாரம் இருந்தது. ஆப்பிரிக்கக் கோப்பைக்கு இன்னும் மூன்று வாரம். எக்குவாவுக்கு அதுதான் கடைசிக் கோப்பை. ஊருக்கு வந்து இறங்கியதும் மாமா இரங்கல் சுவரொட்டியின் மாதிரியை நீட்டினார். அம்மாவின் படம். கீழே பிள்ளைகள் பெயர்.

"அக்ராவுலேர்ந்து டிவிக்காரன் வர்றான். கால்பந்து சங்கத்து ஆளு வர்றாரு. சுவர்ல என்ன போடறது? உசுரோட இருக்கிறது அராபான்னு உலகத்துக்கே தெரியும். ரெண்டு பொண்ணுல ஒண்ணு போச்சுன்னு ஊருக்குத் தெரியும். ரெண்டும் பொருந்தணும்ல?"

அராபா என்ற பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'முன்னே சென்ற மகள்: எக்குவா.'

"மாமா, இது நான்."

"காகிதம்தானே, தாயி. மாத்தி எழுதினா சங்கத்துக்காரன் உன்னைத் தடை பண்ணுவான். மெடலைத் திருப்பிக் கேட்பான். அப்புறம் சான்றிதழ் குடுத்தது யாருன்னு கேட்பான்." மாமாவின் பென்ஷனுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

அம்மாவின் தங்கை மான்சா மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "நம்ம அக்கா அங்க போனதும் முதல்ல யாரைத் தேடுவா?" என்றாள் தம்பி முகத்தைப் பார்க்காமல். "சின்னவளைத்தான். பேரை இங்க இழுத்துப் பிடிச்சு வச்சுக்கிட்டா, அவ எப்படி எதிர்ல வருவா?"

"நீ வெங்காயத்தைப் பாரு."

"வெங்காயத்தைப் பாத்துத்தான் அழறேன்னு நினைச்சுக்கோ."

எக்குவா மூன்று வாரத்தை எண்ணிப் பார்த்தாள். பிறகு, "அச்சடிங்க," என்றாள்.

நூற்றைம்பது சுவரொட்டி. தேவாலயச் சுவரில், ரொட்டிக் கடையில், வாடகைக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டினார்கள். அவளோடு பள்ளியில் படித்தவர்கள் அதன் முன் நின்று படித்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். "எங்க போற, அராபா?" என்று அன்போடு கேட்டார்கள். அவர்கள் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. செத்தவள் நடமாடுகிறாள் என்று தெரிந்தும் தெரியாததுபோல் வழி விடுகிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை முற்றத்தில் துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்த கூட்டம். சவப்பெட்டியைத் தூக்கும் முன் குலப்பெரியவர் அர்ஹின் சாராயப் புட்டியோடு நடுவில் வந்தார். முன்னே போனவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வருகிறவளை ஏற்றுக்கொள்ளச் சொல்வார். மாமா எழுதிக் கொடுத்த காகிதம் அவர் இடுப்பு மடியில் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சொட்டு மண்ணில் விழுந்தது. அம்மாவின் பாட்டன், பாட்டி, கடலில் போன அண்ணன். பிறகு காகிதத்தைப் பார்த்தார். எக்குவாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"எக்குவா! உன் அம்மா வர்றா. எழுந்து வந்து கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போ."

"இதோ," என்றாள் எக்குவா.

அது அவளைக் கேட்காமல் வந்தது. பதினான்கு வருடமாக இத்தனை பேருக்கு முன்னால் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எழுந்தும் நின்றுவிட்டாள். டிவிக்காரனின் கேமரா திரும்பியது.

"உக்காரு, அராபா," என்று மாமா அவள் துணியை இழுத்தார்.

உட்கார்ந்திருக்கலாம். துக்கத்தில் உளறினாள் என்று எல்லோரும் விட்டிருப்பார்கள். அவள் பெட்டியைப் பார்த்தாள். அம்மா இப்போது எந்த மகளைத் தேடிக்கொண்டிருப்பாள் என்று யோசித்தாள்.

"தாத்தா, நான் எக்குவா," என்றாள் பெரியவரிடம். "நான் சாகல. தங்கச்சியைக் கூப்பிடுங்க. அம்மா அவளைத்தான் தேடுவா."

 பெரியவர் காகிதத்தை மடித்து மறுபடி மடியில் வைத்தார். புட்டியைச் சாய்த்து, இந்த முறை சொட்டாக அல்ல, தாரையாக ஊற்றினார்.

"அராபா! மகளே, அராபா! உன் அம்மா வர்றா."

மான்சா சித்தி ஓங்கி அழுதாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். எக்குவா இடது பக்கம் திரும்பவில்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபின், சங்கத்து ஆள் நாற்காலிகளுக்கு நடுவே மெதுவாக வந்து அவள் பக்கத்தில் நின்றார். நல்ல மனிதர். அவளுடைய எல்லாப் போட்டிகளையும் பார்த்தவர்.

"உனக்கு நிஜமா எத்தனை வயசும்மா?"

"முப்பத்திரண்டு," என்றாள்.

சொன்னதும் அவளுடைய முழங்கால்கள் இரண்டும் வலிக்க ஆரம்பித்தன. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.