பின்னட்டைக்குள் ஓர் எண்

நூலகப் புத்தகத்தில் வாசகர் எதையும் எழுதக் கூடாது. எழுதினால் உறுப்பினர் அட்டை ரத்து. இந்த விதியை யாராவது ஒழுங்காக அமல்படுத்தியிருந்தால் என் வாசிப்பு இப்படிக் குழம்பியிருக்காது.

எங்கள் ஊர் நூலகத்தில் கழிவுப் புத்தகங்களை வராந்தாவில் குவித்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கையோடு ஒரு மனுவும் எழுதிக்கொண்டு போனேன்.

"மனுவெல்லாம் எதுக்கு சார்? வேணுங்கறத எடுத்துக்கோங்க. லாரி வந்துடும்" என்றார் நூலகர் அம்மா.

"பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தாவது போடுங்கம்மா."

சிரித்துக்கொண்டே போட்டார்.

பாச்சா உருண்டையும் மக்கிய தாளும் கலந்த அந்த வாசனை, நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நாட்களுக்கு என்னை இழுத்துப்போனது. அன்று இதே நூலகத்தில் தடிமனான ஒரு நீர்ப்பாசன நூலை எடுத்தேன். பின்னட்டைக்குள் பென்சிலால், உருண்டைக் கையெழுத்தில், வேறொரு புத்தகத்தின் எண். அதைத் தேடி எடுத்தால் யாரோ ஒரு துறவியின் வாழ்க்கை. அதிலும் ஓர் எண். அது வேர்க்கடலைப் பூச்சிகளுக்குக் கூட்டிப்போனது. அங்கிருந்து துப்பறியும் கதைக்கு.

"இன்னா சார், போன வாரம் சாமியாரு, இந்த வாரம் கடலப் பூச்சி. உடம்பு நல்லாத்தானே கீது?" என்பார் அப்போதைய நூலகர் வேணு.

எனக்கும் தொடர்பு புரியவில்லை. போகப் போகப் பக்கங்கள் கம்மியாயின, எழுத்துகள் பெரிதாயின. இந்த ஊரில் எதுவும் எளிமையாகிக்கொண்டே போனால் ஞானம் நெருங்குகிறது என்று நம்புவது வழக்கம். நானும் நம்பினேன். கடைசியில் சிறுவர் அலமாரியில் ஒரு முயல் கதை வந்தது. தத்துவம் தேடி மூன்று முறை படித்தேன். அதில் எண் இல்லை.

அதன் பிறகு எந்தப் புத்தகத்துக்கும் கை போகவில்லை. விதி தெரிந்த நானே முயலின் பின்னட்டைக்குள் பென்சிலால் எழுதினேன்: 'பொருள்: அடுத்த நூல். பார்வை: நீர்ப்பாசன நூல் முதலாகத் தங்கள் குறிப்புகள். விவரம் கோரப்படுகிறது.' மாதம் ஒன்றாக மூன்று நினைவூட்டுகள். பதில் இல்லை. செய்யாறுக்கு மாற்றல் வந்ததும், 'கோப்பு முடிக்கப்பட்டது' என்று தேதி போட்டுவிட்டுப் போனேன். அப்புறம் அரசாணைகளைத் தவிர எதையும் முழுதாகப் படித்ததில்லை.

குவியலுக்குள் அந்த முயல் கிடந்தது. என் தேதிக்குக் கீழே இன்னொரு தேதி போட்டு, அதே உருண்டைக் கையெழுத்து:

'சார், அதெல்லாம் அடுத்த புக் இல்ல. ஒவ்வொரு புக்குக்கும் முன்னாடி எதைப் படிச்சேன்னு மறக்காம இருக்க எழுதினது. நான் எழுத்துக்கூட்டிப் படிச்ச முதல் புக் இந்த முயல்தான். இதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல. தண்ணி புக்குக்கு அப்புறம் ஜாஸ்தி படிச்சிருக்கேன். தேடிப் பாருங்க.'

ஒருவர் ஏறிப்போன படிகளில் நான் இறங்கி வந்திருக்கிறேன். ஆணா, பெண்ணா, அதுகூடத் தெரியாது. நீர்ப்பாசன நூலின் எண்ணைப் பின்னட்டைக்குள் சுமக்கும் புத்தகம்தான் எனக்கு அடுத்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். முப்பதோ நாற்பதோ பார்த்திருப்பேன்.

"சார், கொஞ்சம் நவுருங்க" என்றார் லாரிக்காரர். மிச்சத்தை மண்வாரியால் அள்ளினார்கள். உள்ளே இப்போது எல்லாம் புதுப் புத்தகங்கள். பின்னட்டைகள் வெள்ளையாக இருக்கின்றன.

பதில் எழுதப்பட்டது, நான் கோப்பை முடித்த பன்னிரண்டாம் நாள். என் கைக்கு வந்து சேர்ந்தது, போன வெள்ளிக்கிழமை.