கை நனைக்காத சம்பந்தி

பொன்னாத்தாளுக்குச் சாப்பாடு என்றால் உயிர். ஆனால் மகளைக் கட்டிக்கொடுத்த சோமனூர் வீட்டில் இரண்டு வருடமாக அவள் ஒரு வாய்ச் சோறு தின்றதில்லை. பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போவாள், உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசுவாள், இலை போடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எழுந்துவிடுவாள். "இன்னைக்கு விரதமுங்க" என்பாள். சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம் எல்லாம் தீர்ந்துபோய், ஒன்றுமே இல்லாத ஒரு புதன்கிழமைக்கும் விரதம் என்று சொல்லிவிட்டாள். சம்பந்தி மருதாள் லேசுப்பட்டவள் இல்லை. பொன்னாத்தாள் தலை மறைந்ததும் போய்க் காலண்டரைப் பார்த்துவிட்டாள்.

சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல் திரும்புவது இந்தப் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை. மனதில் பகை இருந்தால்தான் அப்படிச் செய்வார்கள். தறி ஓட்டுகிற குடும்பம் என்று இளக்காரம் போலிருக்கிறது என்று மருதாள் தானாக முடிவு கட்டிக்கொண்டாள். அந்தக் கோபம் எங்கே போகும்? மருமகள் நித்யஸ்ரீ மேல்தான் போயிற்று. "உங்கம்மாளுக்கு எங்கூட்டுச் சோறு எறங்காதாட்ட இருக்குது" என்று ஆரம்பித்து, மாவாட்டும்போது ஒன்று, துணி மடிக்கும்போது ஒன்று என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நித்யஸ்ரீ எதிர்த்துப் பேசியதும் இல்லை, காரணம் சொன்னதும் இல்லை.

காரணம் இவ்வளவுதான். பொன்னாத்தாளுக்குப் பல் இல்லை. சர்க்கரை வந்து ஈறு கெட்டு, ஆடிய பல்லை எல்லாம் எடுத்து, ஐம்பத்தைந்து வயதுக்குள் வாய் காலியாகிவிட்டது. பல்செட்டு கட்டிக்கொண்டாள். மேல் செட்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சமர்த்தாக இருந்தது. கீழ் செட்டுதான் அடங்காப்பிடாரி, மெல்லும்போதெல்லாம் கிளம்பிவிடும். மகளின் நிச்சயதார்த்தத்தில் யாரோ ஏதோ வேடிக்கை சொல்ல, வாய்விட்டுச் சிரித்தவளின் கைக்கே அது குதித்து வந்துவிட்டது. முந்தானையில் சுருட்டிக்கொண்டு ஓடினாள். நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. அன்றைக்கே மகளைக் கூப்பிட்டு, "எம்பட பல்லுச் சங்கதி அந்த ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது கண்ணு" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். புருஷன் போன பிறகு தனியாளாக நின்று மகளைக் கரையேற்றியவள். புது உறவுக்காரர்கள் முன்னால் பொக்கை வாயோடு நிற்க அவளுக்கு மனம் வரவில்லை.

சித்திரையில் மருதாளே போன் செய்தாள். "ஐப்பசியில எங்க கருப்பராயன் கோயல்ல கெடா விருந்துங்க. நீங்க மொதப் பந்தியில உக்காரோணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. அதுக்கப்பறம் இந்தப் பக்கம் வர வேண்டாமுங்க."

பொன்னாத்தாள் யோசித்துப் பார்த்தாள். அவள் போகாவிட்டால் அவளுக்கு ஒன்றும் குறையாது. மகள் அந்த வீட்டில் என்ன முகத்தோடு இருப்பாள்? சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு, அவிநாசி ரோட்டில் பல் டாக்டர் பிரிசில்லாவிடம் போனாள்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டிப் பொறுமையாகச் சொன்னார். "கீழ்த் தாடை எலும்பு தேஞ்சு தட்டையாயிருச்சுங்கம்மா. செட்டு நிக்கறதுக்கு மேடே இல்ல. எலும்புல ரெண்டு ஸ்க்ரூ வெச்சு, அது புடிச்சதுக்கப்பறம் மேல குமிழ் மாதிரி ஒண்ணு மாட்டுவோம். செட்டுக்கு அடியில அதுக்கு ஜோடி இருக்கும். அமுத்துனா டக்குன்னு மாட்டிக்கும்."

"ப்ரஸ் பட்டனுங்களா?" என்றாள் பொன்னாத்தாள்.

அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வேலம்பாளையத்தில் குழந்தைத் துணி தைக்கிற கம்பெனி ஒன்றில் அவள் வேலையே அதுதான். பதினாறு வயதில் தைத்த துணியில் நூல் பிசிர் வெட்டப் போனவள், பிறகு பட்டன் மிஷினில் உட்கார்ந்தாள். இன்றுவரை அதே மிஷின்தான். எந்த ஊர்க் குழந்தையோ போடப் போகிற சட்டைக்கு இவள் பெடலை மிதித்துப் பட்டன் வைப்பாள். மணிக்கொரு தடவை ஒரு சட்டையை எடுத்து, பட்டனைக் கருவியில் மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். அதனால் அந்தச் சோதனையில் பொன்னாத்தாள் யாருக்கும் தயவு பார்க்கமாட்டாள். சூப்பர்வைசரே அவளை அவசரப்படுத்தப் பயப்படுவார்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து ஸ்க்ரூ வைத்தார்கள். எலும்பு பிடிக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. கரைத்த சோறும் கஞ்சியுமாக ஓட்டினாள். புரட்டாசிக் கடைசியில் செட்டை மாட்டிய அன்று, வீட்டுக்கு வந்து ஒரு கொய்யாப்பழத்தை நறுக்கித் தின்றாள். செட்டு அசையவில்லை. தனியாக உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். அத்தனை சந்தோஷம் அவளுக்கு.

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். விரலால் இரண்டு பக்கமும் அமுக்கி மாட்ட வேண்டும், கடித்து மாட்டக் கூடாது. கழுவவும் படுக்கும்போதும் கழற்றினால் போதும், உள்ளே நைலான் வளையம் இருக்கிறது, சும்மா சும்மா கழற்றினால் தேயும். பொன்னாத்தாள் தலையை நன்றாகத்தான் ஆட்டினாள். ஆனால் பட்டன் என்று ஒன்று இருந்தால் இழுத்துப் பார்க்காமல் அவளால் இருக்க முடியுமா? விருந்தில் கழன்றுவிட்டால் என்ன ஆவது என்ற பயம் வேறு. கம்பெனிக் கழிவறையில் போய் மணிக்கொரு தடவை செட்டை இழுத்துப் பார்த்தாள். கழன்று வந்ததும் ஓங்கி ஒரு கடி கடித்து, பெடலை மிதிக்கிற மாதிரி, திரும்ப மாட்டிக்கொண்டாள். கம்பெனியில் இழுத்துப் பார்த்த சட்டையைப் பெட்டியில் போடமாட்டார்கள், இழுத்ததில் பட்டன் தளர்ந்திருக்கும் என்று கழித்துவிடுவார்கள். அது அவளுக்குத் தெரியாததா? தன் வாய் என்று வரும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

கோயில் வேப்பமரத்தடியில் பந்தி. முதல் வரிசையில் முதல் இலை அவளுக்கு. மருதாளே கறிச் சட்டியோடு வந்து பரிமாறினாள், பார்க்கலாம் என்ற முகத்தோடு. பொன்னாத்தாள் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள், இரண்டாவது வாயும் வைத்தாள். மூன்றாவதில் ஒரு கறித்துண்டு. கடித்ததும் இடதுபக்கம் விட்டுக்கொண்டது. நாக்கால் அமுக்கினாள். வலதுபக்கமும் கிளம்பிவிட்டது. தேய்ந்த வளையத்தை மாற்றக் கால் மணி நேரம்கூட ஆகாது, டாக்டர் பிறகு மாற்றியும் கொடுத்தார். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு உலகமே கவிழ்ந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு பாதி எழுந்தாள். மருதாளின் முகம் இறுகியதைப் பார்த்தாள். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துபோனால் அதோடு முடிந்தது. பொன்னாத்தாள் மறுபடி உட்கார்ந்தாள். எல்லோரும் பார்க்க இடது கையால் கீழ் செட்டை எடுத்து மடியில் வைத்தாள்.

"இதென்னுங்க சம்பந்தி?" என்றாள் மருதாள்.

"பல்லுங்க. எனக்குப் பல்லு கெடையாதுங்க. அதானுங்க உங்கூட்டுல இத்தன நாளா சாப்புடாம இருந்தது. வேற ஒண்ணுமில்லீங்க." சொற்கள் குழறித்தான் வந்தன.

 மருதாள் சட்டியைக் கீழே வைத்தாள். பொன்னாத்தாளைப் பார்க்காமல், தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த நித்யஸ்ரீயைப் பார்த்தாள்.

"உனக்கு இது தெரியுமா?"

"தெரியுமுங்கத்தை."

"ரெண்டு வருசமா நான் உன்னைய என்னென்ன பேசிப்போட்டேன்! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?"

"அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க."

பொன்னாத்தாள் மகளை நிமிர்ந்து பார்த்தாள். போனில் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கிறேன் என்றுதான் அவள் சொல்வாள். அதையே இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது பல் இல்லாத வெட்கமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"என்ன கண்ணு பேசினாங்க?"

நித்யஸ்ரீ குனிந்து அம்மாவின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். டம்ளர் நிறைந்து இலையிலும் கொஞ்சம் சிந்திற்று.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கம்மா. சாப்புடுங்க."